எட்டாவது சூடு

எனக்கு றேணுகாவைப் பிடிக்காது. இதை நான் பாவசங்கீர்த்தனத்திலேயே சொல்லிவிட்டேன். சுவாமி மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மந்திரம் முடிந்தது, பிடிக்காமை முடியவில்லை.

றேணுகா என் கணவர் பிறெடியின் தம்பி றொஹானின் மனைவி. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையிலேயே நான்கு வீடு தள்ளி இருக்கிறாள். கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. நாற்பத்தொரு வயது என்று சத்தியம் பண்ணினாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். இதெல்லாம் ஒருத்தியைப் பிடிக்காமல் போவதற்குக் காரணமாகாது என்று எனக்கும் தெரியும். காரணம் என் குசினிச் சுவரில் இருக்கிறது.

அந்தச் சுவர் பாதி எங்களுடையது, பாதி கழகத்துடையது. துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் சேர்ந்து தொடங்கிய விளையாட்டுக் கழகம். முன்னால் கரம் போர்ட்டும் மேசைப்பந்தும். பின்னால் நீளமான ஒரு மண்டபம், அதில் காற்றுத் துப்பாக்கி சுடுகிற பத்து மீற்றர் றேஞ்ச். இலக்கு அட்டைகளைத் தொங்கவிடுகிற பக்கம்தான் என் குசினிப் பக்கம். அட்டைக்குப் பின்னால் குண்டைப் பிடிக்கிற இரும்புப் பெட்டி, அதற்குப் பின்னால் மணல் மூட்டை, பிறகு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நான், என் அடுப்பு, என் மிளகாய்த்தூள் போத்தல்கள்.

பிறெடி துறைமுகத்தில் கிளார்க். பின்னேரம் வீட்டுக்கு வந்து, நின்றபடியே ரீயைக் குடித்துவிட்டுக் கழகத்துக்குப் போய்விடுவார். றேஞ்ச் அவர் பொறுப்பு. வாசலில் சிவப்புக் கொடி கட்டுவது, பூட்டுப் பெட்டியில் இருந்து துப்பாக்கிகளை எண்ணி எடுப்பது, எண்ணித் திரும்ப வைப்பது, "லோட்" என்றும் "ஸ்டொப்" என்றும் சத்தம் போடுவது எல்லாம் அவர்தான். வீட்டில் அவருடைய குரல் எழும்பி நான் கேட்டதில்லை. அங்கே நன்றாக எழும்பும்.

கிழமையில் ஐந்து நாள், கோயிலில் ஆறு மணிக்கு மாலைத் திரிகால ஜெப மணி அடித்து ஓய்ந்ததும் றேணுகாவின் சூடு தொடங்கும். அவளுக்குக் கொடுத்திருப்பது முதலாவது இலக்கு, என் அடுப்புக்கு நேர் பின்னால். முதலில் 'டப்' என்று காற்றுச் சத்தம், ஒட்டினாற்போல் 'டங்' என்று பெட்டிச் சத்தம். பெட்டியின் நடுவில் பட்டால் கனமாகக் கேட்கும், ஓரத்தில் பட்டால் கொஞ்சம் கிணுகிணுக்கும். தள்ளி நின்று சுடுகிற ஐந்தாறு ஆண்களின் சத்தம் எனக்குத் தேவையில்லை. அவளுடையதை மட்டும் மூன்று வருடமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பத்துப் பத்தாகச் சுடுவாள். இடைவெளியை நான் மந்திரத்தால் அளப்பேன், ஏனென்றால் என் குசினியில் மணிக்கூடு கிடையாது. முட்டை அவிய ஜெபமாலையில் இரண்டு பத்து, நூடில்ஸுக்கு ஒரு பத்து, பால் பொங்க ஐந்து அருள்நிறைந்த மந்திரம். பிறெடி சாப்பிட உட்காரும்போது, முட்டை இன்றைக்கு மோட்சத்துக்குப் போய்விட்டதா என்று பகிடி பண்ணுவார். நான் எண்ணுவது அவருக்குப் பழகிப்போன விஷயம்.

மணிக்கூடு முன்பு இருந்தது. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

இரண்டாயிரத்து மூன்றில், சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், கோயில் மைதானத்தில் கார்னிவல் போட்டார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. காற்றுத் துப்பாக்கியால் பலூன் சுடுகிற கடையில் நான் பன்னிரண்டு குண்டு வாங்கிப் பன்னிரண்டு பலூனை உடைத்தேன். அதற்கு முன் துப்பாக்கியைக் கையால் தொட்டதுமில்லை. கடைக்காரன் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு சுவர் மணிக்கூட்டைப் பரிசாகத் தந்தான். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெடியன் பன்னிரண்டில் எட்டைத் தவறவிட்டுவிட்டு, மணிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு போன என்னையே பார்த்தபடி நின்றான். அந்தப் பார்வையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த வருடம் அந்தப் பெடியனையும் கொண்டுவந்தேன். அவர்தான் பிறெடி.

மணிக்கூடு பத்து வருடம் ஓடி நின்றுவிட்டது. புதிது வாங்க எனக்கு மனம் வரவில்லை. பார்வை எப்போது நின்றது என்று சரியாகச் சொல்ல முடியாது.

கழகத்தில் முதலில் பெண்களைச் சேர்ப்பதில்லை. இரண்டாயிரத்துப் பதினாறில் கழக யாப்பு விதிகளை மாற்றினார்கள். அன்று இரவே நான் பிறெடியிடம் என்னைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். அவர் சிரித்தார். மகள் சின்னவள், பின்னேரத்தில் அவளை யார் பார்ப்பது, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். அடுத்த வருடம் றொஹான் தன் மனைவிக்கு ஏதாவது பொழுதுபோக்கு வேண்டும் என்று வந்து கேட்டான். பிறெடியே றேணுகாவைக் கூட்டிக்கொண்டு போய், அவரே அவள் கையில் பிஸ்டலைக் கொடுத்து, அவரே தோளை நேராக்கி நிறுத்தினார். மகளைப் பார்த்துக்கொண்டு நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். இதுதான் காரணம். நான் கேட்டதை அவளுக்குக் கொடுத்தார்கள், அதுவும் என் புருஷன் கையால்.

ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு துப்பாக்கிகள் எல்லாம் இரண்டு வருடம் பொலிஸில் கிடந்தன. எங்கள் ஒழுங்கையே செத்த வீடாக இருந்த காலம் அது. அந்தக் காலத்திலும் சுவர் அமைதியாக இருப்பது எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் கர்த்தர் என்னை மன்னிக்கமாட்டார். ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

பிறகு திறந்தார்கள். போன வருடம் அகில இலங்கைப் போட்டியில் றேணுகா இரண்டாம் இடம். பேப்பரில் படம் வந்தது: மஞ்சள் கண்ணாடி, நீட்டிய கை, பின்னால் பாதி முகமாகப் பிறெடி. அதை அவர் கத்தரித்து எங்கள் பிறிட்ஜில் ஒட்டினார். தம்பி வீட்டிலும் பிறிட்ஜ் இருக்கிறது. பால் எடுக்கப் போனாலும் றேணுகா, மீன் எடுக்கப் போனாலும் றேணுகா. சாப்பாட்டு மேசையிலும் அவள் மூச்சு விடுகிற முறை, அவள் மணிக்கட்டு, வைகாசியில் அவளுக்கு வரப்போகிற தெரிவுப் போட்டி, அதில் வென்றால் வெளிநாடு. நான் இறால் குழம்பைப் பரிமாறிக்கொண்டு ஓம் ஓம் என்று கேட்பேன்.

மாசி மாதம் கழகத்து வாசலில் மூன்று மொழியிலும் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். எங்கள் பக்கம் ஆட்கள் சுடப்பட்ட சம்பவங்களுக்குப் பிறகு, ஒழுங்கையில் டயர் வெடித்தாலும் சனம் பொலிஸுக்குப் போன் பண்ணுகிற காலம் இது. குடிமனைக்குள் துப்பாக்கி சுடுகிற இடம், காற்றுத் துப்பாக்கியாக இருந்தாலும், புதிதாக அனுமதி எடுக்க வேண்டுமாம். அயலவருக்கு ஆட்சேபம் இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் எழுத்தில் கொடுக்கலாம். சுவரோடு ஒட்டிய வீட்டுக்காரர் தனியாகச் சம்மதக் கையெழுத்து வைக்க வேண்டும், அதுவும் அந்த வீட்டில் பகலில் இருக்கிற ஆள்.

சுவரோடு ஒட்டிய வீட்டில் பகலில் இருக்கிற ஆள் நான்.

அன்று றேணுகா வீட்டுக்கு வந்தாள். கையில் கேக் பெட்டி. தெரிவுப் போட்டிக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது, இந்த இடத்தை மூடிவிட்டால் தனக்குப் பழகுவதற்கு வேறு இடமே இல்லை என்றாள். பொய்யில்லை. அவள் கண் கலங்கியதும் பொய்யில்லை. எனக்கு வந்த சந்தோசமும் பொய்யில்லை. சம்மதப் படிவத்தைப் பிறெடி பிறிட்ஜில் அவளுடைய படத்துக்குப் பக்கத்தில் காந்தத்தால் ஒட்டிவிட்டு, நேரம் கிடைக்கும்போது கையெழுத்து வை என்றார். வைக்கிறேன் என்றேன்.

வைக்கமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல என்னால் முடியாது. சொன்னால் ஏன் என்று கேட்பார், கேட்டால் நான் அழுவேன். அதனால் ஊரில் கோழைகள் செய்கிற காரியத்தைச் செய்தேன். பெயர் போடாமல் மொட்டைப் பெட்டிசம் எழுதினேன்.

கொட்டாஞ்சேனையில் ரைப் பண்ணினால் பெட்டிசத்துக்கு முன்னால் கதை போய்ச் சேரும். பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனேன். கோல் றோட்டில் போட்டோக் கொப்பிக் கடை ஒன்று. அங்கே ஷிஹாரா என்று ஒரு பிள்ளை, கழுத்தில் பெயர் அட்டை, விரல்கள் பறக்கின்றன. நான் கொப்பித் தாளில் எழுதியதைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் அடித்தாள். மூன்று கோரிக்கை: ஆறு மணிக்குப் பிறகு சுடக் கூடாது. சுவரை இரட்டைச் சுவராக்க வேண்டும். முடியாவிட்டால் இடத்தை மூட வேண்டும்.

"தாளுல இன்னம் எடம் ஈக்கிது அக்கா. வேற ஏதாச்சும் போடவா?"

முந்தின நாள் றேணுகா தன் ஒபீஸில் இருந்து இரண்டு சிநேகிதிகளைக் கழகத்தில் சேர்க்கப் போவதாகப் பிறெடி சொல்லியிருந்தார். இன்னும் இரண்டு மஞ்சள் கண்ணாடி, நடுவில் என் புருஷன். நாலாவதாக ஒன்று சொன்னேன்: இனிமேல் புதிதாக ஒருவரையும் அங்கத்தவராகச் சேர்க்கக் கூடாது. ஷிஹாரா அதையும் அடித்தாள். தாள் நிறைந்தது. எனக்கும் நெஞ்சு நிறைந்தது.

விசாரணை ஒரு சனிக்கிழமை காலை, கழக மண்டபத்திலேயே. மாநகரசபையில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் நரைத்த சிங்கள மனிதர், மரியாதையாகக் கதைத்தார். மற்றவர் கையில் சத்தம் அளக்கிற கருவி. ஒழுங்கைச் சனம் ஒரு முப்பது பேர் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தோம். றேஞ்சின் உள்பக்கத்தை நான் அன்றைக்குத்தான் முழுதாகப் பார்க்கிறேன். அந்த முதலாவது இரும்புப் பெட்டியைக் கண்டதும், குரலை மட்டும் கேட்டுப் பழகிய ஆளை நேரில் கண்டது போல இருந்தது.

பெரியவர் ஒரு ஆட்சேபக் கடிதம் வந்திருப்பதாகவும், பெயர் போடவில்லை என்றும், ஆனாலும் காரியமாக எழுதியிருப்பதால் தான் அதைத் தள்ளிவிடவில்லை என்றும் சொன்னார். கடிதம் தமிழில் இருக்கிறது, எல்லோருக்கும் கேட்கும்படி யாராவது வாசித்துச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். ஒழுங்கையில் இருக்கிற இரத்தினசிங்கம் மாஸ்டரைக் கேட்டார்கள். அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. சனம் ஒரே வாயாகப் பிறெடியைக் காட்டியது. இந்த மண்டபத்தில் சத்தமாகக் கதைக்கிற ஆள் அவர்தானே என்று எங்கள் பக்கத்து வீட்டு ஷபீகா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. என் புருஷன் எழும்பிப் போய், வெள்ளவத்தையில் அடித்த அந்தத் தாளைக் கையில் வாங்கினார்.

"கனம் ஐயா," என்று தொடங்கினார். "மேற்படி கழகத்தில் துப்பாக்கி சுடுவதனால் அயலவராகிய நாம் சொல்லொணாத் துன்பம் அனுபவித்து வருகிறோம். தினமும் மாலைத் திரிகால மணி ஓய்ந்தவுடன் முதலாவது இலக்கில் சூடு ஆரம்பமாகிறது. முதல் ஏழு சூடுகளுக்கும் இடையில் மூன்று அருள்நிறைந்த மந்திர நேரம் விடப்படுகிறது."

அந்த இடத்தில் அவருடைய குரல் ஒரு தரம் தடக்கியது. நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். கையெழுத்தை ஒளிக்க இரண்டு பஸ் ஏறியவள், மந்திரத்தை ஒளிக்க மறந்துவிட்டேன். எனக்கு அது மந்திரமாகவே படவில்லை, நேரமாகத்தான் பட்டது. எழுதும்போதும் படவில்லை, ஷிஹாரா வாசித்துக் காட்டியபோதும் படவில்லை.

அவர் தொடர்ந்து வாசித்தார். "எட்டாவது சூட்டுக்கு முன் மட்டும் ஐந்து மந்திர நேரம், சில நாட்களில் ஆறு மந்திர நேரம் சத்தமே இல்லை. எப்போது வெடிக்குமோ என்று நெஞ்சு அடிக்கிறது. அப்படிப் பிந்தி வருகிற சூடு பெட்டியின் ஓரத்தில் பட்டுக் கிணுகிணுத்து, காதுக்கு மேலும் தொல்லை தருகிறது. ஒன்பதாவதும் அப்படியே. பத்தாவது சரியாக விழுகிறது. இது மூன்று வருடமாக நடக்கிறது."

நான்கு கோரிக்கையையும் வாசித்து முடித்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார். அதில் மந்திரம் இல்லை. முப்பது செக்கன் என்றார், ஐம்பது செக்கன் என்றார். பெரியவர் குறித்துக்கொண்டார். என்னை நோக்கிப் பிறெடியின் தலை ஒருதரமும் திரும்பவில்லை. ஆனால் சனத்துக்கு நடுவில் அவர் என்னைச் சேலைத் தலைப்பால் மூடுவது போல மூடிவிட்டார் என்று எனக்கு விளங்கியது. அவர் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

முன்வரிசையில் றேணுகா மடியில் தன் பயிற்சிக் கொப்பியை விரித்து, பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். எட்டாவது, எட்டாவது, எட்டாவது என்று அவள் விரல் ஒவ்வொரு வரியிலும் போய் நிற்பது பின்னால் இருந்த எனக்குத் தெரிந்தது.

அடுத்தது சத்தம் அளப்பது. கருவியோடு இரண்டு பேரும் என் குசினிக்கு வந்தார்கள். சட்டி கழுவாமல் கிடந்தது, அதுவும் ஒரு வெட்கம். அந்தப் பக்கம் றேணுகா பத்துச் சூடு சுட வேண்டும். பிறெடியின் குரல் சுவருக்கு அப்பால் "லோட்" என்றது.

நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. மூன்று மந்திரம், டங். மூன்று மந்திரம், டங். ஏழும் போயின. எட்டாவதுக்கு முதலாவது மந்திரம், இரண்டாவது, மூன்றாவது. இப்போது கை நடுங்கும், இப்போது பிந்துவாள், இப்போது ஓரத்தில் படும் என்று நான் காத்துக்கொண்டிருக்க, 'டங்' என்று நடுவில் விழுந்தது. அரை மணித்தியாலத்துக்கு முன் கேட்டதை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே திருத்திவிட்டாள். மூன்று வருடமாக நான் சேர்த்தது.

கருவிக்காரர் இலக்கத்தைக் காட்டினார். அந்த நேரம் பக்கத்து வீட்டில் ஷபீகாவின் பிரஷர் குக்கர் விசில் அடிக்க, கருவி அதற்குத்தான் கூடுதலாகத் துள்ளியது. பெரியவர் புன்சிரிப்போடு, நோனாவுக்குத் தனிப்பட்ட முறையில் ஆட்சேபம் ஏதும் உண்டா என்று சிங்களத்தில் கேட்டார். வாசலில் றேணுகா வந்து நின்றாள், பின்னால் பிறெடி. நான் பிறிட்ஜில் இருந்து படிவத்தை எடுத்துக் கையெழுத்து வைத்தேன். பேனை அழுத்தியதில் தாள் கிழிந்தது.

எல்லோரும் போன பிறகு பிறெடி குசினிக் கதிரையில் இருந்தார். நான் சட்டி கழுவினேன். சண்டை வரும் என்று முதுகை நேராக வைத்துக்கொண்டிருந்தேன். சண்டை என்றால் எனக்குப் பழக்கம், பதில் தயார்.

"பக்கத்திலயே நிக்கிறன் நான்," என்றார் கடைசியில். "எட்டாவது பிந்துறது எனக்குத் தெரியேல்ல. உனக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"கேட்டுக்கொண்டிருந்தன்."

"ஏன் சொல்லேல்ல?"

"நீங்க கேக்கேல்லயே."

பிறகு எனக்கே தெரியாமல் எல்லாம் வந்துவிட்டது. கேட்டது நான், கொடுத்தது அவளுக்கு. பிறிட்ஜ் என்னுடையது, படம் அவளுடையது. அவளைப் பார்த்தால் எனக்கு எரிகிறது, எட்டு வருடமாக எரிகிறது, பெட்டிசம் எழுதினது நான்தான், அடிக்கிறதென்றால் அடியுங்கள் என்றேன். சவர்க்கார நுரை முழங்கையால் வழிந்தது.

அவர் எழும்பி வந்து தண்ணீர்க் குழாயைப் பூட்டினார். "பன்னெண்டு பலூன்," என்றார். "கடைசிப் பலூன் பச்சை. நீ அதச் சுடேக்க மூச்சே விடேல்ல."

பலூனின் நிறம் எனக்கே மறந்துபோயிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். மைதானத்தில் பார்த்தாரே, அப்படி. திங்கட்கிழமை அங்கத்துவப் படிவம் கொண்டுவருகிறேன், அனுமதிக் கடிதம் வந்ததும் உன் பெயரைத்தான் முதலில் எழுதுவேன் என்றார்.

அதற்குப் பிறகு வந்த மூன்று கிழமையும் நான் பைத்தியக்காரி போல இருந்தேன். படம் எடுத்தேன், பொலிஸ் அறிக்கைக்கு எழுதிப் போட்டேன், புறக்கோட்டையில் தட்டையான அடியுள்ள சப்பாத்து வாங்கினேன். பகலில் வீட்டில் ஒருவரும் இல்லாதபோது, நிறைந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தலை நீட்டிய கையில் பிடித்துச் சுவரைப் பார்த்து நின்றேன். முதல் நாள் இரண்டு மந்திரம், பத்தாம் நாள் ஐந்து. கை நடுங்கவே இல்லை. பொறாமை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இன்னும் கூடியது, ஆனால் இப்போது அதற்குக் கால் முளைத்திருந்தது. வைகாசியில் அவள் வெல்லட்டும், அடுத்த வைகாசியில் நான் வருகிறேன் என்று எண்ணெய்ப் போத்தலுக்குச் சொன்னேன். றேணுகா ஒழுங்கையில் கண்டு சிரித்தபோது நானும் சிரித்தேன். மந்திரக் கதையை அவள் என்னிடம் கேட்கவில்லை. தெரியாமல் இருக்காது.

கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. பிறெடி அதைக் கழகத்தில் வாங்கிக்கொண்டு நேரே குசினிக்கு வந்தார். முகத்தைப் பார்த்ததும் மூடச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்படியில்லை, அனுமதி கிடைத்துவிட்டது. மூன்று வருடத்துக்கு.

"வாசிக்கட்டா?" என்றார்.

வாசித்தார். ஆட்சேபக் கடிதத்தின் முதல் மூன்று கோரிக்கைகளுக்கும் போதிய காரணம் காணப்படவில்லை. எனினும் அயலவரின் மனக்குறையை முற்றாகத் தள்ளிவிடாமல், நாலாவது கோரிக்கை நியாயமானதென ஏற்றுக்கொள்ளப்படுகிறது. இந்த அனுமதி செல்லுபடியாகும் காலம் முடியும்வரை, தற்போது பதிவிலுள்ள இருபத்தாறு பேரைத் தவிரப் புதிதாக எவரும் அங்கத்தவராகச் சேர்க்கப்படலாகாது.

தாளில் இடம் இருக்கிறது என்று வெள்ளவத்தையில் அந்தப் பிள்ளை சும்மாதான் கேட்டாள்.

பிறெடி கடிதத்தை மடித்தார். மேசையில் நிரப்பியபடி கிடந்த என் படிவத்தையும் எடுத்து, அதற்குள் வைத்து மடித்தார். பேசினால் ஏதாவது பிழையாகிவிடும் என்று பயந்தவர் போல என் தோளில் ஒருதரம் தட்டிவிட்டு, கொடி கட்ட நேரமாகிறது என்று போனார். அவருக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பேன்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் றேணுகா குசினி வாசலுக்கு வந்தாள், மஞ்சள் கண்ணாடியைத் தலையில் ஏற்றியபடி.

"அக்கா, அத்தான் சொன்னவர். சுடத்தான் ஏலாது, வந்து இருக்கிறதுக்குத் தடையில்ல. பின்னால ஒரு கதிரை போடுறன். வைகாசி வரைக்கும் எனக்கு எண்ணித் தாறீங்களா?"

நல்ல மனதோடுதான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. அடுப்பில் சோறு கிடக்கிறது என்றேன். அவள் சரியக்கா என்று போனாள்.

திரிகால மணி அடித்து ஓய்ந்தது. எண்ணக் கூடாது என்று வானொலியைப் போட்டேன், பிறகு நிறுத்தினேன். மூன்று, டங். மூன்று, டங். ஏழு. சோற்றுப் பானையின் மூடி என் கையில் இருந்தது. எட்டாவதுக்கு இரண்டாவது மந்திரத்தில் அந்த மூடியால் சுவரில் ஓங்கி ஒரு அடி அடிக்கலாம் என்று தோன்றியது. ஒரே ஒரு அடி. கை உயர்ந்தும்விட்டது, எண்ணெய்ப் போத்தலைப் பிடித்த அதே கை, அதே உயரம். நடுங்கவில்லை.

அடிக்கவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. அடித்தால் யார் அடித்தது என்று அந்தப் பக்கத்தில் இரண்டு பேருக்குத் தெரியும்.

மூன்றாவது மந்திரத்தில் நான் ஆமென் சொல்லுமுன் சூடு விழுந்தது. நடுவில்.